நாற்பது வருஷத் தலைவரும் பதினைந்தரை மீற்றர் மதிலும்

வாசகர் கேள்வி பதில் | திருகோணமலை

சென்ற இதழில் ஜப்பானின் ஃபுடாய் கிராமத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே கதைப்போம்.

சேர், ஒரு கிராமத் தலைவர் பிடிவாதமாகக் கட்டிய மதில் 2011 சுனாமியில் ஊரைக் காப்பாற்றியது என்று எழுதியிருந்தீர்கள். இது உண்மைதானா, இல்லை வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளில் ஒன்றா? உண்மை என்றால் அந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
*ஒரு வாசகி, நிலாவெளி*

உண்மைதான் தங்கச்சி. அவர் பெயர் கொதொகு வாமுரா. 1909 இல் பிறந்தவர். ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இவாத்தே மாகாணம் இருக்கிறது, அதில் ஃபுடாய் என்று ஒரு மீன்பிடிக் கிராமம், 2011 இல் அங்கே சுமார் 3,000 பேர் வாழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அதன் வழியாக ஒரு சின்ன ஆறு கடலுக்கு இறங்குகிறது, வீடுகளும் பள்ளிக்கூடங்களும் அந்த ஆற்றை ஒட்டித்தான். படத்தில் பார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் சுனாமி வந்தால் அலை போய்ப் பரவ இடமில்லை, ஒடுங்கிய இடத்துக்குள் நெருக்கி நெருக்கி உயரமாகி ஊருக்குள் ஏறும். 1896 இலும் 1933 இலும் அப்படியே நடந்தது. அந்த இரண்டு சுனாமியிலும் ஃபுடாயில் மட்டும் 439 பேர் இறந்தார்கள். அவ்வளவு சின்ன ஊரில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1933 மார்ச்சில் அலை வந்தபோது வாமுரா இருபதுகளில் இருந்த இளைஞர். மண்ணுக்குள்ளிருந்து உடல்களைத் தோண்டி எடுத்ததைப் பார்த்து வாயடைத்து நின்றதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சிதான் பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன். போருக்குப் பிறகு ஜப்பானில் மாகாண ஆளுநர் முதல் கிராமத் தலைவர் வரை எல்லோரையும் மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும் முறை வந்தது, அந்த முறையில் முதல் தேர்தல் நடந்தது 1947 ஏப்ரலில். அந்த வருஷம் ஃபுடாயின் தலைவராக வந்தவர் 1987 வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாலு வருஷத் தவணைகள் பத்து.

வந்த உடனே மதில் கட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கரையோரம் அப்போது ஜப்பானிலேயே ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அவர் தன் பதவிக் காலம் முழுவதையும் வறுமையோடு நடத்திய சண்டையாகத்தான் பார்த்தார், சுனாமி அதில் ஒரு பகுதி. முதல் மதில் ஓத்தனாபே என்ற மீனவர் குடியிருப்பைக் காக்க 1967 இல் எழும்பியது. உயரம் 15.5 மீற்றர். அவ்வளவு எதற்கு என்று ஊரே கேட்டது. 1896 இல் வந்த அலை 15 மீற்றர் என்று பழைய ஆட்கள் சொல்லிவந்தார்கள், அதற்குக் குறைவாகக் கட்டினால் கட்டியும் பிரயோசனமில்லை என்பது அவர் நிலைப்பாடு. அக்கம்பக்கத்து ஊர்களில் 10 மீற்றர் மதிலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது.

அடுத்ததுதான் பெரிய சண்டை. ஃபுடாய் ஆற்று முகத்துவாரத்தின் மேல், எங்கள் குளங்களில் இருக்கும் வான்கதவு மாதிரி, ஆனால் கடலைத் தடுக்கிற கதவுகள். வழமையாகத் திறந்தே இருக்கும், ஆறு ஓடும், ஆபத்து என்றால் இறக்கிப் பூட்டிவிடலாம். நீளம் 205 மீற்றர், உயரம் அதே 15.5. வேலை 1972 இல் தொடங்கி 1984 இல் முடிந்தது. செலவு 356 கோடி யென். காணி கொடுக்க வேண்டியவர்கள் எதிர்த்தார்கள். இந்தக் காசில் வேறு எவ்வளவோ செய்யலாமே என்று சபைக்குள்ளும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பிழையில்லை, பள்ளிக்கூடமும் ரோட்டும் கேட்கிற ஏழைக் கிராமம் அப்படித்தான் கேட்கும். அவரும் அவர்களைத் திட்டவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. இரண்டு தடவை நடந்ததை மூன்றாம் தடவையும் நடக்க விடமாட்டேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

1987 இல் ஓய்வு பெறும்போது ஊழியர்களிடம் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பு வந்தாலும் நம்பிக்கையோடு தொடங்கியதை முடியுங்கள், கடைசியில் மக்கள் விளங்கிக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். 1997 இல் 88 வயதில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கதவுகளுக்கு ஒரு பெரிய சுனாமியும் வரவில்லை, வீண் செலவு என்று சொன்னவர்களுக்குக் காட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46க்கு நிலம் அதிர்ந்தது. தீயணைப்புப் படையினர் பெரிய கதவுகளை இறக்கினார்கள், பக்கத்தில் இருந்த சின்னக் கதவுகள் இறுகிவிட்டதால் ஒருவர் ஓடிப்போய்க் கையாலேயே பூட்டினார். வந்த அலை 20 மீற்றருக்கு மேல். கதவுகளுக்கு மேலாலும் தண்ணீர் பாய்ந்தது, ஆனால் பலம் போய்விட்டது, உள்ளே கொஞ்சத் தூரத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த பள்ளிக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதிலுக்கு வெளியே இருந்த துறைமுகமும் படகுகளும் நாசமாகின. ஊரில் காணாமல் போனது ஒரே ஒருவர், படகைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனவர். அந்த நாளில் ஜப்பான் முழுக்க இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18,000க்கு மேல் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஊர்ச் சனம் வாமுராவின் கல்லறைக்குப் போய் நன்றி சொல்லத் தொடங்கியது.

நாற்பது வருஷம் ஒரே ஆள் பதவியில் இருந்தால் அது ஜனநாயகமா? இங்கே ஒருவர் இரண்டாம் தரம் வந்தாலே நாங்கள் சந்தேகப்படுகிறோம்.
*ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மூதூர்*

சந்தேகப்படுவது நல்லது சேர், அதை விட்டுவிடாதீர்கள். ஜப்பானில் மேயருக்கோ கிராமத் தலைவருக்கோ இத்தனை தவணைதான் என்ற வரையறை சட்டத்தில் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை சனத்திடம் போக வேண்டும், அவ்வளவுதான். சின்னக் கிராமங்களில் பல நேரம் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போட்டியின்றித் தெரிவாகிவிடுகிறார்கள், அது அங்கேயும் ஒரு குறையாகத்தான் பேசப்படுகிறது. ஆனால் கடிவாளமும் உண்டு. வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் மேயரை நீக்குவதா என்று வாக்கெடுப்பு வைக்க வேண்டும் (பெரிய நகரங்களுக்கு இந்த விகிதம் கொஞ்சம் குறையும்). சபையும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். அது நிறைவேறினால் மேயர் பத்து நாளுக்குள் சபையைக் கலைக்கலாம், கலைக்காவிட்டால் பதவி போய்விடும். புதிதாக வந்த சபையும் மறுபடி நம்பிக்கையில்லை என்று சொன்னால் அதற்கு மேல் அவருக்கு வழியில்லை.

எங்களோடு பெரிய வித்தியாசம் எங்கே என்றால், அங்கே தலைவருக்கு ஒரு வாக்கு, சபை உறுப்பினருக்கு இன்னொரு வாக்கு. இங்கே நாங்கள் உறுப்பினர்களைத்தான் தெரிவு செய்கிறோம், தவிசாளரையோ முதல்வரையோ அறுதிப் பெரும்பான்மை எடுத்த கட்சி பெயரிடும், ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் சபைக்குள் வாக்கெடுப்பு, அந்த வாக்கெடுப்புக்கு முன்னால் நடக்கிற பேரங்கள் உங்களுக்குத் தெரியாததல்ல. சபைக்குள் இரண்டு பேர் பக்கம் மாறினால் கதிரை ஆடும் என்று இருக்கிற ஒரு தவிசாளர், பன்னிரண்டு வருஷம் எடுக்கிற ஒரு வேலையைத் தொடங்குவாரா? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், 2025 மே 6 அன்றுதான் வாக்களித்தோம். இரண்டு வருஷத்துக்கு மேல் கேள்வி கேட்க எங்களுக்கென்று ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை, செயலாளர்கள் நடத்தினார்கள். நாற்பது வருஷம் ஒருவர் இருப்பது ஆபத்து என்று நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவருமே இல்லாமல் இருப்பது அதைவிட ஆபத்து.

356 கோடி யென்னை ஒரு சின்னக் கிராமம் எங்கே போய் எடுத்தது?
*ஒரு வியாபாரி, கிண்ணியா*

கிராமத்தின் பெட்டிக்குள் இருந்து இல்லை. கதவுகளைக் கட்டியது மாகாண அரசு, பின்னால் மத்திய அரசின் பணமும் இருந்தது. அங்கே வரி வருமானம் குறைந்த ஊர்களுக்கு மத்திய அரசு ஒரு கணக்குப்படி வருஷா வருஷம் பணம் பகிர்ந்து கொடுக்கும், ஏழைக் கிராமம் என்பதற்காகக் கைவிடப்படாது. ஆனாலும் எங்கள் ஊருக்கு இது வேண்டும், இந்த உயரத்தில் வேண்டும் என்று வருஷக்கணக்கில் மாகாண அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கேட்கிற ஆள் ஒருவர் வேண்டுமே. வாமுரா செய்தது அதுதான். இங்கேயும் கச்சேரிக்கும் மாகாண சபைக்கும் அமைச்சுக்கும் ஒரே கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போய் வருகிற தவிசாளர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களை நாங்கள் தேர்தல் நேரத்தில் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

அப்படியென்றால் எங்கள் கரையிலும் ஒரு மதில் கட்டச் சொல்லிக் கேட்கலாமா அண்ணை? 2004 இல் எங்கள் வாடியெல்லாம் போனது. பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.
*கரைவலைத் தொழிலாளி, உப்புவெளி*

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் நான் கூடுதல் நேரம் எடுத்தேன். என் பதில் வேண்டாம் என்பது. காரணம் சொல்கிறேன்.

ஃபுடாயில் மதில் வேலை செய்தது இடத்தின் அமைப்பால். மலைக்கும் மலைக்கும் இடையில் 205 மீற்றரை அடைத்தால் ஊர் முழுக்க உள்ளே வந்துவிடும். உப்புவெளியில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வரை எங்கள் கரை திறந்து கிடக்கிறது. எந்த இரண்டு மலைக்கு நடுவில் கட்டுவது? கட்டினாலும் தோணியை எங்கே ஏற்றுவீர்கள், வலையை எங்கே இழுப்பீர்கள்? 2011க்குப் பிறகு ஜப்பானில் சுமார் 400 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடல் மதில்கள் எழுப்பினார்கள், சில இடங்களில் 14 மீற்றருக்கு மேல். அங்குள்ள மீனவர்களே, கடலைப் பார்க்காமல் நாங்கள் எப்படி வாழ்வது, அலை வருவது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு நல்லா விளங்கும்.

இன்னொன்று. ஃபுடாய்க்குத் தெற்கே அதே கரையில் தாரோ என்ற ஊர். 1896, 1933 இரண்டிலும் அழிந்த ஊர். அவர்கள் ஃபுடாய்க்கு முன்பே, 1934 இல் மதில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். 10 மீற்றர் உயரம், எல்லாம் முடிந்தபோது மொத்தம் 2.4 கிலோமீற்றர் நீளம், பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். 2011 இல் அலை அதைத் தாண்டியது, ஒரு பகுதியை உடைத்தே போட்டது, 180 பேருக்கு மேல் போனார்கள். மதில் இருக்கிறது என்று ஓடாமல் இருந்துவிட்டவர்களும் அதில் அடக்கம் என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கமாயிஷியில் 63 மீற்றர் ஆழக் கடலில் அடித்தளம் போட்டு அலைதாங்கி கட்டினார்கள், உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் சாதனையிலும் வந்தது. அதுவும் உடைந்தது. ஃபுடாயிலும் அலை கதவுக்கு மேலால் வந்ததே, இன்னும் ஐந்து மீற்றர் கூடியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். எங்கள் மாவட்டத்தில் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நேரில் பார்த்தவர்களுக்குக் கட்டின கட்டு என்றைக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை வராது.

அப்போ வாமுராவிடம் இருந்து எங்களுக்கு எடுக்க என்ன இருக்கிறது? அந்த 15 மீற்றர் என்ற கணக்கு. பழைய ஆட்கள் சொன்ன உயரத்தை அவர் மறக்கவில்லை, அந்த அளவை வைத்தே முடிவெடுத்தார். எங்களிடமும் அளவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எந்த ஒழுங்கை வரைக்கும் வந்தது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று உப்புவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஆள் உண்டு. அதைச் சபை வரைபடத்தில் குறித்ததா? அந்தக் கோட்டுக்குள் புதிதாகப் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ வராமல் பார்த்ததா? சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் மேற்கில் 100 மீற்றர். ஏன் எங்களுக்கு இரட்டிப்பு என்று சனம் கேட்டது, அப்புறம் அது தளர்ந்துபோனது. கோடு வேண்டும்தான், ஆனால் இடத்தைப் பார்த்து, மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துப் போட வேண்டிய கோடு அது.

நிலாவெளிப் பக்கம் பாருங்கள், முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் ஊர். அங்கே உயிர் காக்கப்போவது மதில் அல்ல, உள்நாட்டுப் பக்கம் போகிற ரோடு. அது இரண்டு வாகனம் விலகுகிற அகலத்தில் இருக்கிறதா, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்கிறதா, இரவில் லைட் எரிகிறதா, பாலம் தாங்குமா. இவை எல்லாமே மேலிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைகள் அல்ல, பாதிக்கு மேல் உள்ளூர்ச் சபை செய்யக்கூடியவை. 2004 இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் எங்கள் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது, சொல்வதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி அதிர்ந்தபோது சொன்னார்கள், சனம் எழும்பி ஓடியது. நல்ல காலம், பெரிய அலை வரவில்லை. அதனால் அடுத்த தடவை சும்மாதான் சொல்கிறார்கள் என்று வாடியிலேயே இருந்துவிடாதீர்கள் தம்பி. ஃபுடாயில் போன அந்த ஒரு ஆளும் படகைப் பார்க்கப் போனவர்தான்.

2011 சுனாமி நேரம் மற்ற ஊர் மேயர்களுக்கு என்ன நடந்தது?
*உயர்தர மாணவி, திருகோணமலை நகர்*

பல விதமாக நடந்தது மகள். ஒட்சுச்சி என்ற ஊரின் மேயர் கோக்கி கட்டோ, நில அதிர்வு வந்தவுடன் கட்டிடம் இடிந்துவிழலாம் என்று நகர மண்டபத்துக்கு வெளியே மேசையைப் போட்டு ஊழியர்களோடு அனர்த்தக் கூட்டம் நடத்த ஆயத்தமானார். அலை அங்கேயே வந்துவிட்டது, அவரும் பல ஊழியர்களும் போனார்கள். தலைவரும் இல்லை, மண்டபமும் இல்லை, பதிவேடுகளும் இல்லை என்ற நிலையில் அந்த ஊர் தொடங்க வேண்டியிருந்தது. மினமிசன்ரிக்கு மேயர் ஜின் சாத்தோ அனர்த்தத் தடுப்புக் கட்டிடத்தின் கூரைக்கு ஏறினார். அலை கூரையையும் மூடிப் போனது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிலரில் அவரும் ஒருவர். ரிக்குசென்தகாட்டா மேயர் ஃபுதோஷி தோபா பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியைத் தேடிப் போகவா, மண்டபத்தில் நிற்கவா என்ற நிலையில் நின்று வேலையைப் பார்த்தார். மனைவி இறந்துவிட்டார். ஊரை மறுபடி கட்டி எழுப்புவதில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் 2023 தேர்தலில் தோற்றுப் போனார். அவ்வளவு இழந்தவரையும் சனம் வாக்கால் மாற்றலாம் என்பது எனக்குக் கவலையாகவும் இருக்கிறது, சரியாகவும் படுகிறது.

எங்கள் சபை இதற்கெல்லாம் ஏதாவது திட்டம் வைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.
*மாதர் சங்க உறுப்பினர், குச்சவெளி*

அக்கா, வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் ஏற்பு வாங்குங்கள், 14 வேலை நாளுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்லியாக வேண்டும். தராவிட்டால் அதே சபையில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: சுனாமி வெளியேறும் பாதைகள் என்று சபை குறித்திருக்கும் வீதிகள் எவை, அவற்றைத் திருத்த இந்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது, கடைசியாக ஒத்திகை நடந்த திகதி எது, எந்தக் கிராம சேவகர் பிரிவில். மாதர் சங்கத்தின் பெயரில் இல்லாமல் ஒரு உறுப்பினரின் சொந்தப் பெயரில் போடுங்கள், அப்போது குடிமகளின் கோரிக்கை இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. பதில் வந்தால் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.